பங்குப் பத்திரம் நம் பெட்டியில், சாவி யார் கையில்?

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, கீழமாசி வீதியில் பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்தார். தகப்பனார் காலத்தில் வாங்கிய லட்சுமி விலாஸ் வங்கிப் பங்குகள் அவரிடம் இருந்தன. 2017ஆம் ஆண்டு டிசம்பரில் அந்த வங்கி ஒரு பங்கு ரூ. 122 என்ற விலையில் உரிமைப் பங்குகளை வெளியிட்டபோது, அதற்கும் பணம் கட்டியிருக்கிறார்.

"தம்பி, பாங்கு இன்னிக்கும் ஓடுது. போர்டு மட்டும்தான் மாறியிருக்கு. டெபாசிட் போட்டவனுக்கு ஒரு பைசா குறையலை. பங்கு வச்சிருந்த எனக்கு மட்டும் ஏன் சைபர்? ஆடிட்டர் இருந்தாரு, டைரக்டருங்க இருந்தாங்க. எல்லாரும் எதைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தாங்க?" என்று கேட்டார்.

நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் அல்ல அது. "எழுதியே தந்துவிடுகிறேன் அண்ணாச்சி" என்றேன். நம் உறுப்பினர்களில் பலருடைய இரும்புப் பெட்டியிலும் இப்படிப்பட்ட பங்குகள் இருக்கின்றன. கரூர் வைசியா வங்கி, கும்பகோணத்தில் பிறந்த சிட்டி யூனியன் வங்கி, 1921ல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகத் தொடங்கி 2022 செப்டம்பரில் பங்குச் சந்தைக்கு வந்த தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று நம் பக்கத்து வங்கிகளில் பங்கு வைத்திருப்பவர்கள் ஏராளம். இப்போது நம் பிள்ளைகள் செல்போனிலேயே வெளியூர்க் கம்பெனிப் பங்குகளையும் வாங்குகிறார்கள். ஆகவே இது ஒருவருடைய கேள்வி அல்ல.

முதலில் நம் கடைக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் கடையில் மிளகாய் வற்றல் புத்தகத்தில் 64 மூட்டை இருந்தது. குடோனில் எண்ணிப் பார்த்தால் 53 மூட்டை. சிட்டை எழுதியவர், குடோன் சாவி வைத்திருந்தவர், வருஷக் கடைசியில் இருப்பு எடுத்தவர் மூவரும் ஒரே ஆள். அவர் கையாடல் செய்தார் என்று நான் இன்றுவரை சொல்ல மாட்டேன். கடனுக்குப் போன சரக்கை எழுத விட்டிருக்கலாம். ஆனால் 11 மூட்டை எந்த மாதம் போனது, யாருக்குப் போனது என்று கண்டுபிடிக்க ஒரு வழியும் இல்லாமல் போயிற்று. மறு வருஷத்திலிருந்து என் மைத்துனர் வந்து இருப்பு எடுத்தார். அவருக்கு எங்கள் கடையில் சம்பளமும் இல்லை, பங்கும் இல்லை. அந்த ஆண்டு முதல் மூட்டை குறையவில்லை.

பொதுமக்களிடம் பணம் திரட்டும் கம்பெனியில் சங்கதி இதுவேதான், அளவு மட்டும் பெரியது. முதலாளிகள் லட்சக்கணக்கானவர்கள். அவர்கள் யாரும் குடோன் பக்கம் போவதில்லை. நிர்வாகம் செய்பவரே கணக்கும் எழுதி, லாபம் இவ்வளவு என்றும் அவரே சொல்கிறார். பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதை ஆகிவிடக் கூடாது என்பதற்காகப் பங்குதாரர் சார்பில் இரண்டு காவல் உண்டு. ஒன்று தணிக்கையாளர், அதாவது ஆடிட்டர். இது பழைய ஏற்பாடு. மற்றொன்று சுயேச்சை இயக்குநர். இது நம் நாட்டுக்குப் புதியது. 1999ல் செபி நியமித்த குமாரமங்கலம் பிர்லா குழு பரிந்துரை செய்து, 2000ஆம் ஆண்டில் பங்குச் சந்தையின் பட்டியல் ஒப்பந்தத்தில் 49வது பிரிவாகச் சேர்ந்தது. பிறகு 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தில் 149வது பிரிவாக முழுச் சட்டமாயிற்று. 2015ல் செபியும் தன் விதிகளைத் திருத்தி எழுதியது.

யார் சுயேச்சை இயக்குநர்?

பங்குச் சந்தையில் உள்ள கம்பெனியின் இயக்குநர்களில் மூன்றில் ஒரு பங்காவது சுயேச்சையாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். தலைவரே நிர்வாகத்தில் இருப்பவர் அல்லது நிறுவனர் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்றால் பாதிப் பேர் வேண்டும் என்கிறது செபி. சுயேச்சை என்றால் கம்பெனியோடு கொடுக்கல் வாங்கல் இருக்கக் கூடாது, சமீப காலத்தில் அங்கே வேலை பார்த்திருக்கக் கூடாது, தானும் உறவினருமாகச் சேர்ந்து நூற்றுக்கு இரண்டு அல்லது அதற்கு மேல் வாக்குரிமை வைத்திருக்கக் கூடாது. கூட்டத்துக்கு வந்ததற்குப் படி உண்டு. ஒரு கூட்டத்துக்கு ரூ. 1 லட்சம் வரை கொடுக்கலாம். லாபத்தில் கமிஷன் பெறலாம், ஆனால் ஊழியர்களுக்குக் கொடுப்பது போலச் சலுகை விலைப் பங்கு கொடுக்கக் கூடாது. ஐந்தைந்து ஆண்டாக இரண்டு தவணைதான், அதன் பிறகு மூன்று ஆண்டு ஒதுங்கியிருக்க வேண்டும்.

நிறுவனருக்கோ மற்ற இயக்குநர்களுக்கோ உறவினராகவும் இருக்கக் கூடாது. இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். உறவினர் யார் யார் என்று சட்டமே ஒரு பட்டியல் தருகிறது. மனைவி அல்லது கணவர், தாய், தந்தை, மகன், மருமகள், மகள், மருமகன், உடன்பிறந்தார், பிரியாத குடும்பச் சொத்தில் பங்குள்ளவர். இந்தப் பட்டியலில் மைத்துனர் இல்லை! சம்பந்தியும் இல்லை, சகலையும் இல்லை. நம் ஊர்க் கடைகளில் மைத்துனருடைய அதிகாரம் எவ்வளவு என்று டெல்லியில் சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாது போலும். ஆக, எழுத்துப்படி சுயேச்சை, உண்மையில் வீட்டு மனிதர் என்று ஒருவர் வந்து உட்கார இடமிருக்கிறது. சிநேகிதர், ஒரே கல்லூரியில் படித்தவர் ஆகியோரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இந்த இயக்குநர்களுக்குள் முக்கியமான வேலை தணிக்கைக் குழு. குறைந்தது மூன்று பேர், அதில் மூன்றில் இரண்டு பங்கு சுயேச்சை இயக்குநர்கள், தலைவரும் அவர்களில் ஒருவர். ஆண்டுக்கு நான்கு தடவையாவது கூட வேண்டும். காலாண்டுக் கணக்கு முதலில் இவர்களிடம் வரும். நிறுவனர் குடும்பத்தின் வேறு கம்பெனியோடு நடக்கும் கொடுக்கல் வாங்கல் இவர்கள் ஒப்புதல் இல்லாமல் நடக்கக் கூடாது. 2022 ஜனவரி முதல், அந்த ஒப்புதலில் சுயேச்சை இயக்குநர்கள் மட்டுமே கை தூக்க முடியும். ஆடிட்டர் தன் சந்தேகங்களை நிர்வாகியிடம் சொல்லி நிறுத்திக்கொள்ளாமல் நேரே இந்தக் குழுவிடம் சொல்லலாம். நம் கடையில் கணக்குப்பிள்ளையைத் தாண்டி முதலாளியிடம் பேசுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய பெயர்கள் போதுமா?

விதி இருந்தும் என்ன நடக்கும் என்பதற்கு ஐதராபாத் சத்யம் கம்பெனியைவிட நல்ல உதாரணம் இல்லை. அங்கே இயக்குநர் குழுவில் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் இருந்தார், முன்னாள் மத்திய அமைச்சரவைச் செயலாளர் இருந்தார். தணிக்கை செய்தது உலகப் பெயர் பெற்ற நிறுவனம். 2008 டிசம்பர் 16 அன்று, தலைவர் ராமலிங்க ராஜுவின் குடும்பத்தாருடைய இரண்டு மேட்டாஸ் கம்பெனிகளை 160 கோடி டாலருக்கு வாங்கலாம் என்று அந்தக் குழு ஒப்புக்கொண்டது. சத்யம் என்ற ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் படித்தால் மேட்டாஸ்! வாங்குபவரும் விற்பவரும் ஒரே வீட்டார் என்பது பெயரிலேயே எழுதியிருந்தது. பங்கு வைத்திருந்த வெளிநாட்டு நிறுவனங்கள் கூச்சல் போட்டதால், மறுநாளைக்குள் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. நிறுத்தியது இயக்குநர்கள் அல்ல, பங்குதாரர்கள்.

மூன்று வாரம் கழித்து, 2009 ஜனவரி 7 அன்று, ராஜு தன் கடிதத்தில் உண்மையை ஒப்புக்கொண்டார். புத்தகத்தில் இருந்த ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் ரூ. 5,040 கோடி இல்லவே இல்லை. 2015 ஏப்ரலில் ஐதராபாத் தனி நீதிமன்றம் அவரையும், தணிக்கையாளர் இருவர் உள்பட மற்றவர்களையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். நான் படித்ததில் எனக்கு ஆச்சரியம் தந்தது தொகை அல்ல. வங்கி இருப்பு என்பது வங்கிக்கு நேரே கடிதம் எழுதிக் கேட்டால் தெரியும் விஷயம். நம்மில் யாரும் வாடிக்கையாளர் காட்டும் பற்றுச்சீட்டை மட்டும் நம்பிப் பேரேட்டில் வரவு வைப்பதில்லையே!

ஆடிட்டர் கையெழுத்துப் போட்டுவிட்டால் ஒவ்வொரு ரசீதும் சரி என்று அர்த்தம் என்பது நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கும் தப்பு. அவர் மாதிரிக்கு எடுத்துப் பார்ப்பார். பத்து மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்த்து நூறு மூட்டைக்கு விலை சொல்வது போல. அவர் தரும் அறிக்கையில் நான்கு வகைச் சொற்கள் வரும். குறையில்லை என்பது ஒன்று. இந்த விஷயம் தவிர மற்றது சரி என்பது இரண்டாவது, இதைக் குவாலிஃபைடு என்பார்கள். கணக்கே சரியில்லை என்பது மூன்றாவது. என்னால் கருத்துச் சொல்லவே இயலவில்லை என்பது நான்காவது. இரண்டாவது வந்தாலே நாம் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

லட்சுமி விலாஸ் கதை

இனி அண்ணாச்சி கேட்ட கேள்விக்கு வருகிறேன். 1926ல் வி.எஸ்.என். ராமலிங்கச் செட்டியார் தலைமையில் கரூர் வியாபாரிகள் ஏழு பேர் சேர்ந்து தொடங்கிய வங்கி அது. ஜவுளி வியாபாரி, மண்டிக்காரர், விவசாயி இவர்களுக்குக் கடன் கொடுத்துத் தொண்ணூறு ஆண்டு ஓடியது. பின்னாளில் பெரிய கம்பெனிகளுக்குப் பெரிய தொகை கொடுக்கும் ஆசை வந்தது. 2017-18ல் ரூ. 585 கோடி நஷ்டம். 2018-19ல் ரூ. 894 கோடி. 2019-20ல் ரூ. 836 கோடி. 2020 மார்ச் முடிவில், கொடுத்த கடனில் நூற்றுக்கு 25 ரூபாய்க்கு மேல் வாராக்கடன். ரெலிகேர் நிறுவனம் வங்கியில் வைத்திருந்த பெரிய வைப்புத் தொகையை, அதன் பழைய உரிமையாளர்களின் கம்பெனிகள் வாங்கிய கடனுக்கு ஈடாக வங்கி எடுத்துக்கொண்டது என்ற புகாரில் 2019 செப்டம்பரில் டெல்லிப் போலீசார் வழக்குப் பதிவு செய்தார்கள். அதே மாதம் ரிசர்வ் வங்கி இந்த வங்கியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்தது. இந்தியாபுல்ஸ் வீட்டுக்கடன் நிறுவனத்தோடு இணையும் திட்டத்தை அக்டோபரில் ரிசர்வ் வங்கி நிராகரித்தது.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். மணி மூன்று வருஷம் அடித்தது. பங்குதாரர்கள் விழித்தது 2020 செப்டம்பர் 25 அன்று. அன்றைய ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிர்வாக இயக்குநர் உள்பட ஏழு இயக்குநர்களுக்கு எதிராக வாக்களித்தார்கள். தணிக்கையாளர் மறுநியமனத்துக்கும் எதிர்ப்பு வாக்கே விழுந்தது. இந்திய வங்கி வரலாற்றில் அபூர்வமான நாள் அது. மறுநாளைக்கு மறுநாள் மூன்று சுயேச்சை இயக்குநர்கள் கொண்ட குழுவிடம் அன்றாட நிர்வாகம் போயிற்று. ஆனால் அதற்குள் பெட்டியில் மூலதனம் மிச்சமில்லை. நவம்பர் 17 அன்று, ஒருவர் ரூ. 25,000க்கு மேல் எடுக்கக் கூடாது என்று அரசு தடை போட்டது. அன்று சந்தையில் ஒரு பங்கு பதினைந்து ரூபாய் அளவில் இருந்தது. நவம்பர் 27ல் வங்கி சிங்கப்பூர் டி.பி.எஸ். வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது.

பங்கு ஏன் சைபர் ஆயிற்று? வரிசை அப்படி. கடை மூழ்கினால் முதலில் கடன்காரருக்குக் கொடுத்து, மிஞ்சியதைத்தான் கூட்டாளிகள் பிரித்துக்கொள்கிறோம். வங்கியில் டெபாசிட் போட்டவர் கடன் கொடுத்தவர். பங்கு வைத்திருப்பவர் கூட்டாளி, கடைசி ஆள். மூலதனம் முழுவதும் அழிந்துவிட்டது என்பதால் பங்குகள் அடியோடு நீக்கப்பட்டன. ரூ. 318 கோடி மதிப்புள்ள ஒருவகைக் கடன் பத்திரமும் கூடவே போயிற்று. புது வங்கி ரூ. 2,500 கோடி கொண்டுவந்து போட்டது. பங்குதாரர்கள் சிலர் நீதிமன்றம் சென்றார்கள்.

நம் ஊரிலேயே வேறொரு கணக்கும் உண்டு. கருமுத்து தியாகராசர் 1943ல் மதுரையில் நிறுவிய பாங்க் ஆஃப் மதுரா, 2001ல் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியோடு இணைந்தது. அப்போது ஒரு பாங்க் ஆஃப் மதுரா பங்குக்கு இரண்டு ஐ.சி.ஐ.சி.ஐ. பங்குகள் கிடைத்தன. ஊர்ப் பெயர் தாங்கிய வங்கி போய்விட்டதே என்று அன்று வருந்தியவர்களில் நானும் ஒருவன். ஆனால் கையில் சரக்கு இருக்கும்போது பேசிய விலை அது. கரூர் வங்கிக்குப் பேச வேண்டிய நேரத்தில் பேச ஆள் இல்லை. 2018ல் முதல் நஷ்டக் கணக்கு வந்தபோது தணிக்கைக் குழுவிடம் எத்தனை பேர் கேள்வி கேட்டோம்? அண்ணாச்சியிடமும் இதைக் கேட்டேன். பொதுக்கூட்ட நோட்டீஸ் வந்தால் பிரிக்காமல் பழைய பேப்பரோடு போட்டுவிடுவாராம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான், பொட்டலம் மடிக்கக்கூட ஆகாத வழவழப்புத் தாள் என்று அலுத்துக்கொண்டிருக்கிறேன்.

ரிசர்வ் வங்கி மீதும் அண்ணாச்சிக்குக் கோபம். அதன் முதல் கவலை டெபாசிட்தாரர், பங்குதாரர் அல்ல. அவர்கள் பணம் ரூ. 20,000 கோடிக்கு மேல் இருந்தது, அது காப்பாற்றப்பட்டது. பங்குதாரருக்கு என்று இருப்பவர்கள் நாம் வாக்களித்து வைக்கிற இயக்குநரும் ஆடிட்டரும்தான். அவர்களைப் பார்க்க வேண்டிய வேலை நம்முடையது.

எதைப் பார்ப்பது?

ஆண்டறிக்கை இருநூறு பக்கம் இருக்கும். முழுவதும் படிக்கச் சொல்லவில்லை. நிர்வாக முறை அறிக்கை என்ற பகுதியில் ஒவ்வொரு இயக்குநரும் எத்தனை கூட்டத்துக்கு வந்தார் என்ற பட்டியல் உண்டு. கடைக்கு வராத ஆளுக்குச் சம்பளம் கொடுப்போமா? அடுத்தது, ஆடிட்டர் அறிக்கையின் முதல் இரண்டு பக்கம். பிறகு, சொந்தக்காரக் கம்பெனிகளோடு நடந்த கொடுக்கல் வாங்கல் குறிப்பு.

இவற்றைவிடப் பெரிய அடையாளம் ராஜினாமா. தவணை முடிவதற்கு முன்பே சுயேச்சை இயக்குநர் விலகினால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், வேறு முக்கியக் காரணம் இல்லை என்றும் உறுதி சொல்ல வேண்டும். கம்பெனி அதைப் பங்குச் சந்தைக்குத் தெரிவிக்க வேண்டும். "சொந்தக் காரணம்" என்று எழுதி ஒரே வருஷத்தில் இரண்டு மூன்று பேர் விலகினால் எனக்கு நெஞ்சு படபடக்கும். ஆடிட்டர் நடுவில் விலகினால் இன்னும் அதிகம். ஆடிட்டர் நிறுவனத்துக்குப் பத்து ஆண்டுதான் உச்ச வரம்பு. வங்கிகளில் 2021 முதல் தொடர்ந்து மூன்று ஆண்டுதான். அந்தத் தவணை முடிந்து போவது வேறு, நடுவில் ஓடுவது வேறு.

வாக்களிக்கச் சென்னைக்கோ மும்பைக்கோ ரயில் ஏற வேண்டியதில்லை. மின்னணு வாக்குப் பதிவு பொதுக்கூட்டத்துக்கு முன் குறைந்தது மூன்று நாள் திறந்திருக்கும், கூட்டத்துக்கு முந்திய நாள் மாலை 5 மணிக்கு மூடிவிடும். செல்போனிலேயே போடலாம். சுயேச்சை இயக்குநரை நியமிக்க 2022 ஜனவரி முதல் சிறப்புத் தீர்மானம் தேவை. எதிர் வாக்கைப் போல மூன்று மடங்கு ஆதரவு வாக்கு வேண்டும். ஆகவே சிறு பங்குதாரர் வாக்குக்கு முன்னைவிட எடை கூடியிருக்கிறது. பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்டால் பதில் சொல்லத் தணிக்கைக் குழுத் தலைவர் வந்திருக்க வேண்டும் என்பதும் விதி.

சங்கம் கவனிக்க வேண்டிய ஒன்றும் சட்டத்தில் இருக்கிறது. 151வது பிரிவு. முக மதிப்பில் ரூ. 20,000 வரை பங்கு வைத்திருப்பவர் சிறு பங்குதாரர். பத்து ரூபாய்ப் பங்கு என்றால் 2,000 பங்கு வரை. இப்படிப்பட்டவர்கள் ஆயிரம் பேர், அல்லது மொத்தச் சிறு பங்குதாரரில் பத்தில் ஒரு பங்கு, எது குறைவோ அத்தனை பேர் கையெழுத்திட்டு நோட்டீஸ் கொடுத்தால், தங்கள் சார்பில் ஓர் இயக்குநரை நிறுத்தலாம். கூட்டத்துக்குக் குறைந்தது 14 நாள் முன்பாக நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும். இந்தப் பிரிவைப் பயன்படுத்தியவர்கள் மிகக் குறைவு. ஆயிரம் பேரை ஒன்று சேர்ப்பது தனி மனிதரால் ஆகிற காரியம் அல்ல. மதுரை, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, விருதுநகர் சங்கங்கள் சேர்ந்தால் ஆகாதா என்று செயற்குழு யோசிக்கலாம்.

அண்ணாச்சியிடம் வேறு இரண்டு வங்கிகளின் பங்குகள் இன்னும் காகிதப் பத்திரமாகவே இருக்கின்றன. 2019 ஏப்ரல் முதல் காகிதப் பத்திரத்தை அப்படியே வேறொருவருக்கு விற்க முடியாது, டிமேட் கணக்குக்கு மாற்ற வேண்டும். ஏழு ஆண்டு தொடர்ந்து டிவிடெண்டு வாங்காமல் விட்டால் பங்கே அரசின் முதலீட்டாளர் நிதிக்குப் போய்விடும், பிறகு விண்ணப்பம் போட்டு மீட்க வேண்டும். சென்ற வாரம் அவர் மகன் பெட்டியைத் திறந்து பத்திரங்களை எடுத்துப் பார்த்தாராம். ஒன்றில் பாட்டனார் பெயரே இன்னும் இருக்கிறது. வாரிசுச் சான்றிதழ் வாங்க இப்போது தாலுகா ஆபீசுக்கு அலைந்துகொண்டிருக்கிறார்.